முதலில் லேத்தா, சிஎன்சியா?

காட்பாடியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஐடிஐயில் இரண்டு வருடம் டர்னர் (கடைசல் வேலை) படிப்பு முடித்துவிட்டு வரும் பையன்களைக் கொஞ்சம் தேற்றி, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் அனுப்புவது வழக்கம். சூட்டிகையான பையனை சிஎன்சியில், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷினில் விடு; மெதுவாகப் பிடிப்பவனை லேத்தில், அதாவது கையால் ஓட்டும் கடைசல் மெஷினில் விடு. பல பட்டறைகளில் இதுதான் கணக்கு. நானும் அப்படித்தான் இருந்தேன், இப்போது தலைகீழாக மாற்றிவிட்டேன்.

லேத்தில் ஒரு கை டூலை உள்ளே தள்ளும் கிராஸ் ஸ்லைடில், இன்னொரு கை டூலை நீளவாக்கில் நகர்த்தும் கேரேஜ் சக்கரத்தில், கண் டயலில், காது டூல் சத்தத்தில். எங்கள் லேத்தின் டயலில் 0.5 மி.மீ. தள்ளினால் ஜாப்பின் (கடைகிற துண்டின்) விட்டம் 1 மி.மீ. குறையும். தடுமாறுகிற பையன் இந்தப் பாதிக் கணக்கை மறந்து மூன்று ஜாப்பைக் கெடுப்பான். நான்காம் நாள் வரமாட்டான்.

அதே பையனுக்கு சிஎன்சியில் நான் புரோகிராம் போட்டுக் கொடுத்துவிட்டால், ஜாப்பைப் பிடிப்பதும் அளப்பதும்தான் வேலை. 25 வரவேண்டிய ஷாஃப்ட் 25.06 வந்தால், விட்டத்தைத் திருத்தும் எக்ஸ் ஆஃப்செட்டில் மைனஸ் 0.06 போட்டால் போதும். பாதியாக்க வேண்டியதில்லை. மனசு அளவில் நிற்கிறது. சுடச்சுட அளக்கக் கூடாது என்பதும் அங்கேயே புரிகிறது: 25 மி.மீ. இரும்பு 50 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.015 மி.மீ. பருக்கும். ஜாப்பைப் பிடித்துச் சுற்றும் சக்கில் டூல் மோதிவிடுமோ என்ற பயம் எனக்கும் உண்டு. அதனால் முதல் ஜாப்புக்கு சிங்கிள் பிளாக் போட்டு (புரோகிராம் ஒவ்வொரு வரியாக நின்று ஓடும்), டூல் நகரும் வேகமான ஃபீடையும் குறைத்து வைத்துத்தான் விடுகிறேன். இரண்டு மாதம் கழித்து லேத்துக்கு வந்தால் டயல் அவனை அவ்வளவாக மிரட்டுவதில்லை.

சூட்டிகையானவன் கதை வேறு. சிஎன்சிக்குப் புரோகிராம் எழுதும் ஜி-கோடெல்லாம் இரண்டு வாரத்தில் வந்துவிடும், அப்புறம் கையில் போன். ஒருமுறை இன்செர்ட் (டூலில் மாட்டும் வெட்டுத் துண்டு) முனை உடைந்து சத்தமே மாறிவிட்டது. பையன் கவனிக்கவில்லை.

“இன்னாண்ணா, ஆஃப்செட் போட்டுனே இருக்கேன், சைஸ் நிக்க மாட்டேங்குது” என்றான். அதற்குள் பன்னிரண்டு ஜாப் போயிருந்தது. மூன்று மாதம் லேத்தில் நின்றிருந்தால் காதே சொல்லியிருக்கும். அவனுக்குத்தான் லேத் முதலில்.

கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டரும் இருக்கிறது. டூல் மோதினால் செலவில்லை, சரி. ஆனால் அதில் உலோகம் வெட்டுப்படுவது கைக்குத் தெரியாது.

சூட்டிகையும் இல்லை, மந்தமும் இல்லை என்று ஒருவன் வந்தால்? லேத்தில்தான் தொடங்குவேன். கரண்ட் பில்லும் குறைவு.