ஓடும்போது கால் சொன்னபடி கேட்கவில்லையா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

'தங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்பட்டது.' ஓடுகிறவர்களுக்குப் பயிற்சி விற்கும் ஓர் இணையதளத்திடம் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு இன்று காலை வந்த பதில் இவ்வளவுதான். என் ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போச்சு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஓடத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் என் இடது கால் பேச்சைக் கேட்பதில்லை. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. மடங்க வேண்டிய நேரத்தில் முட்டி மடங்காது. பாதம் உட்பக்கமாகத் திரும்பி அடுத்த காலின் கெண்டையில் உரசும். நடந்தால் ஒன்றும் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தும் எல்லாம் நார்மல் என்றார்கள். வலிக்கிறது என்று பொய்யாவது சொல்லியிருந்தால் யாராவது மதித்திருப்பார்களோ என்னவோ!

அப்போது கண்ணில் பட்டதுதான் அந்த இணையதளம். பெயர் வேண்டாம். ஓடுகிறவர்களின் வீடியோவைப் பார்த்து 'நடைத் திருத்தப் பயிற்சி'யும் ஷூவுக்குள் வைக்கிற, அளவெடுத்த இன்சோலும் விற்கிற வகை. வீடியோ அழைப்பில் வந்த ஆள் நான் அனுப்பியதை மெதுவாக ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். "பாருங்க, இங்கதான் இடுப்பு இறங்குது. உங்க பிட்டத் தசை தூங்குது, எழுப்பிட்டா சரியாயிடும்" என்றார். எல்லாரும் மனப்பிரமை என்று தள்ளிய பிறகு, ஒருவர் என் காலையே உற்றுப் பார்த்து 'ஆமா, கோளாறு இருக்கு' என்கிறார். அந்தச் சிவப்புக் கோட்டுக்குத்தான் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டினேன். பலன் இல்லையென்றால் முழுப் பணமும் வாபஸ் என்று கொட்டை எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள்.

காலில் ரப்பர் பட்டையை மாட்டிக்கொண்டு சொன்னதெல்லாம் செய்தேன். கால் மோசமானதுதான் மிச்சம். கேட்டால், பயிற்சியைச் சரியாகச் செய்யவில்லையாம். அப்புறம், உடல் பழகுகிற கட்டமாம். அதற்கப்புறம் மனிதரே இல்லை, வணக்கம் சொல்லும் தானியங்கிப் பதில்தான். பணத்தைக் கேட்டபோதுதான் நிபந்தனை தெரிந்தது: எல்லாப் பாடங்களையும் முடித்தவர்களுக்கு மட்டும். கடைசிப் பாடம் பூட்டியிருக்கிறது. திறக்க வேண்டியவர்கள் அவர்கள். திறக்கச் சொன்னால், "நீங்கள் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை." இன்சோலுக்காவது? பயன்படுத்திய பொருளாம், சுகாதாரக் காரணமாம்.

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் என்னை வராந்தாவில் ஓடவிட்டுப் பார்த்தார். முன்னால் ஓடினேன், கால் இழுத்தது. பின்னோக்கி ஓடச் சொன்னார். சமர்த்தாக ஓடியது! டிஸ்டோனியாவாக இருக்கலாம் என்றார். எழுதும்போது மட்டும் சிலருக்கு விரல் முறுக்கிக்கொள்ளுமே, அந்த இனம். தசையில் பலம் இல்லாமல் வருவதல்ல, தசைக்கு மூளை அனுப்பும் கட்டளை குழம்புவதால் வருவது. முதுகுத்தண்டில் நரம்பு அழுந்துவது, ஓடும்போது கீழ்க்கால் தசைக்குள் அழுத்தம் ஏறுவது, இடுப்புத் தமனி சுருங்குவது, ஆரம்பநிலை பார்க்கின்சன் இவையெல்லாம் இல்லை என்று முதலில் பார்க்க வேண்டுமாம். தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி, சிலருக்கு மாத்திரை, நடையைப் புதிதாகப் பழகும் பயிற்சி என்று வழிகள் உண்டு, முழுசாகச் சரியாகும் என்று உறுதி தர முடியாது என்றும் சொன்னார். உறுதி தராதவரைத்தான் இப்போது நம்பத் தோன்றுகிறது. வலி உண்டா, பின்னோக்கி ஓடினால் எப்படி என்று அந்த இணையதளம் கேட்டதே இல்லை. கேட்டதெல்லாம் ஷூ அளவும் கார்டு எண்ணும்.

விரிவாக யோசனை எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. வலியில்லாமல் கால் மட்டும் தடுமாறினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், ஓடும் வீடியோவைக் கையோடு கொண்டு போங்கள். திடீரென்று கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ நேரே அவசர சிகிச்சைக்கு. 'பணம் வாபஸ்' என்பதன் நிபந்தனையை முதலில் படியுங்கள். கார்டு விவரத்தைச் சேமிக்க விடாதீர்கள். ஒரு மாதச் சம்பளம் போதாதென்று, சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுகிறது என்று நேற்று இன்னொரு தவணையும் எடுக்கப் பார்த்தார்கள். கார்டை முடக்கிவிட்டேன்.