நீள வீடியோவா, ஷார்ட்ஸா, ரீல்ஸா?

சமையலோ, வண்டி ரிப்பேரோ, கணக்குப் பாடமோ, கைவந்த ஒன்றை வீடியோவாக்கத் துணிந்துவிட்டீர்கள். சரி, எதில் போடுவது?

2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடையானதும், ஜூலையில் இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான். காசு விஷயத்தில் ஒற்றுமையே கிடையாது.

முதலில் யூடியூபின் நீள வீடியோ. விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு. 8 நிமிடத்தைத் தாண்டினால் நடுவிலும் விளம்பரம் செருகலாம். (ரசம் வைக்கும் வீடியோ பாட்டி கதையில் தொடங்குவது ஏன் என்று இப்போது புரிகிறதா?) அந்தப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். புதிதாக வருபவருக்கு இது மலைதான். ஆனால் மூன்று வருடம் கழித்தும் யாரோ ஒருவர் தேடி வந்து பார்ப்பார். புதுக்கோட்டைப் பக்கத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது நிதானமாகச் சமைத்துக் காட்டிய வீடியோக்களால்தான்.

ஷார்ட்ஸில் பார்வை மளமளவென்று ஏறும். ஆனால் விளம்பரப் பணம் எல்லாருக்கும் பொதுவான ஓர் உண்டியலில் விழுகிறது. பாட்டு உரிமைக்கு உரியதை எடுத்துவிட்டு, பார்வைக் கணக்குப்படி உங்கள் பெயரில் ஒதுக்கியதில் 45 சதவீதம்தான் கைக்கு வரும். இன்னொரு கொக்கி: ஷார்ட்ஸ் ஃபீடில் (ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப் பார்க்கும் வரிசையில்) பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது. ஷார்ட்ஸ் வழியாகவே தகுதி பெற, அந்த மணிக்கணக்குக்குப் பதில் 90 நாளில் ஒரு கோடி பார்வை வேண்டும். என்னைக் கேட்டால் ஷார்ட்ஸ் ஒரு டிரெய்லர், அவ்வளவுதான். அதிலிருந்து நீள வீடியோவுக்கு இணைப்பு கொடுக்க மறக்காதீர்கள்.

ரீல்ஸில் யூடியூப் மாதிரி நிலையான விளம்பரப் பங்கு இல்லை. பெரும்பாலும் கம்பெனிகளோடு கொலாப் செய்தால்தான் பணம். காசோ இலவசப் பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அது விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும். விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல் இது.

ஆனால் விற்க ஏதாவது இருந்தால் ரீல்ஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. எங்கள் அத்தை பருப்புப்பொடி அரைப்பதை முப்பது நொடி ரீலாகப் போடுகிறார், ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருகிறது. செய்முறையை நீள வீடியோவாகப் போடச் சொன்னேன். "அப்புறம் யாருடா பொடி வாங்குவா?" என்றார்.