பெர்குசன் துப்பாக்கி என்று சொல்லி விற்றால், முதலில் திருகிப் பாருங்கள்

இங்கிலாந்தில் பழைய ஆயுதச் சந்தைகளுக்குப் போய்வரும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். "1780களில் லண்டனில் செய்த பெர்குசன் வகை வேட்டைத் துப்பாக்கி, எல்லாப் பாகமும் அசல்" என்று ரசீதிலேயே எழுதித் தந்து ஒரு வியாபாரி என்னை ஏமாற்றிவிட்டார். நாலாயிரம் பவுண்டுக்கு மேல் போய்விட்டது.

பேட்ரிக் பெர்குசன் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர். அன்றைய துப்பாக்கியில் மருந்தையும் குண்டையும் வாய் வழியாகப் போட்டு, கோலால் இடித்து இறக்க வேண்டும். படுத்தபடி அதைச் செய்வது பெரும்பாடு. இவருடைய சக்கிமுக்கித் துப்பாக்கியிலோ விசையைச் சுற்றியுள்ள வளையம்தான் கைப்பிடி. அதை ஒரு சுற்று சுற்றினால் குழலின் பின்பகுதியில் செங்குத்தாக நிற்கும் திருகாணி கீழே இறங்கி, மேலே துளை திறந்துகொள்ளும். குண்டைப் போட்டு, அதன் பின்னால் மருந்தைக் கொட்டி, வளையத்தைத் திருப்பிச் சுற்றினால் மூடிவிடும். 1776 ஜூனில் லண்டன் அருகே வுல்விச்சில், மழையிலும் காற்றிலும் நிமிடத்துக்கு நான்கு முறை சுட்டுக் காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் காப்புரிமை வாங்கினார். ராணுவத்துக்கென்று செய்தவை சுமார் நூறுதான். அதனால்தான் இந்தப் பெயருக்கே இவ்வளவு விலை.

ஒரே சுற்றில் திறப்பதுதான் இந்த வேலைப்பாட்டின் உயிர். சாதாரண ஒற்றை மரை (ஆணியைச் சுற்றி ஓடும் திருகு வரி) போட்டால் பல சுற்று சுற்றினால்தான் ஆணி இறங்கும். அதனால் பல மரைகளைப் பக்கம் பக்கமாக, நல்ல சரிவோடு வெட்டினார்கள். ஆணியிலும் துளையிலும் அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், வெடிக்கும்போது புகை கசியவும் கூடாது. இன்றைய இயந்திரங்கள் இல்லாத காலத்தில் இதைச் செய்த கைகளை நினைத்தால் எனக்கு இன்னமும் பிரமிப்புதான்.

எனக்கு விற்றதில் வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. "பழையது, இறுகியிருக்கும், எண்ணெய் போட்டால் சரியாகிவிடும்" என்றார் வியாபாரி. அனுபவமுள்ள ஒரு துப்பாக்கிக் கொல்லரிடம் கொண்டுபோனேன். ஆணியில் இருந்தது லேத்தில் வெட்டிய ஒற்றை மரை. துளைக்குள் உலோகம் பளபளவென்று புதிதாக இருந்தது. கட்டையைக் கழற்றியதும் அடியில் மின்கருவி ஓடிய தடம். குழலில் மகுடம், குறுக்காக இரண்டு செங்கோல், B, P, C என்ற எழுத்துகள். இது துப்பாக்கிக் குழல்களைச் சோதித்துச் சான்று தரும் பர்மிங்காம் சோதனை நிலையத்தின் முத்திரை, அந்த நிலையம் வந்ததே 1813இல். பழைய குழலுக்குப் பின்னாளிலும் முத்திரை போடுவது உண்டு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த கொல்லர், வாய் வழி மருந்து போடும் 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கி ஒன்றை அண்மையில் துளைத்து மாற்றியிருக்கிறார்கள் என்று எழுதியே கொடுத்தார்.

காசு மட்டும் போனால் பரவாயில்லை. இங்கே உரிமம் இல்லாமல் அலங்காரப் பொருளாக வைத்துக்கொள்ள, பழைய துப்பாக்கி 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பின்பக்கம் திறக்கும்படி இப்போது மாற்றிய ஒன்றுக்கு அந்த விலக்கு கிடைக்காமல் போகலாம். நான் உடனே போலீஸின் ஆயுத உரிமப் பிரிவுக்குத் தெரிவித்துவிட்டேன். இப்படி ஒன்று உங்களிடம் இருந்தால் நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

வியாபாரி பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்பதுதான் பதில். வியாபாரி விற்ற பொருள் சொன்ன விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அன்று அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை என்று சொல்லி வங்கி மூலம் பணம் வாங்கிக்கொண்டார். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் கேட்க முடியும். எனவே கார்டு வாங்க மாட்டேன் என்பவரிடம் இவ்வளவு விலைக்கு வாங்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. அதே வியாபாரி இப்போது இன்னொரு 'பெர்குசனை' விற்பனைக்கு வைத்திருக்கிறார். படத்தில் ஆணி மூடியேதான் இருக்கிறது. யாராவது கேட்கப் போனால், வளையத்தை ஒரே ஒரு சுற்று சுற்றித் துளையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.