‘ஃபுல் அனலாக் டிலே’ என்று விற்கிறார்கள்: பின்தகட்டைத் திறக்காமல் பணம் கொடுக்காதீர்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் எலெக்ட்ரிக் கிடார் வாசிக்கிற எல்லோரும் இதைப் படித்துவிடுங்கள். சர்ச்சில் வாசிக்கிறவர்கள், கல்லூரிப் பசங்க, ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் எல்லோருக்கும்தான் சொல்கிறேன். கையால் செய்த அனலாக் டிலே பெடல் (வாசித்த நோட்டைக் கொஞ்சம் தாமதித்து எக்கோவாகத் திரும்ப ஒலிக்க வைக்கும் பெட்டி) என்று சொல்லி என்னிடம் 9,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே இருந்தது டிஜிட்டல் எக்கோ சிப்.

பெடலைச் செய்து விற்றவர் அதை விற்ற விதத்தை முதலில் சொல்ல வேண்டும், அடுத்தவரிடமும் இதையேதான் செய்வார். பெடலை ஆம்ப்பில் மாட்டி, ஒரு நோட்டை அடிக்கச் சொல்லி, டைம் நாபைத் திருப்பினார். சுருதி வழுக்கிக்கொண்டு கீழே போனது. “பாத்தியா தம்பி, டிஜிட்டல்ல இது வருமா?” என்றார். அப்புறம் ரிபீட் நாபை முழுசாக ஏற்றினார். எக்கோ தானாகப் பெருகி ஊளையிட்டது. “இதுதான் அனலாக்.”

இந்த இரண்டும் அனலாக்குக்குச் சாட்சியே இல்லை. பிடி2399 என்று தைவான் நிறுவனத்தின் டிஜிட்டல் சிப் ஒன்று இருக்கிறது. கரோக்கே எக்கோ போர்டுகளில் அதிகம் பார்க்கலாம். சில்லறையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதிலும் டைமை மாற்றினால் உள்ளே கிளாக்கின் (சிப்பை நடத்தும் துடிப்பின்) வேகம்தான் மாறும், அதனால் சுருதி வழுக்கும். ரிபீட்டை ஏற்றினால் அதுவும் ஊளையிடும்.

உண்மையான அனலாக் டிலேயில் இருப்பது பிபிடி (பக்கெட் பிரிகேட் டிவைஸ்) சிப். 1969இல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் உருவான உத்தி அது. கிணற்றடியில் வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றுவது போல, கிடாரின் சிக்னல் ஆயிரக்கணக்கான சின்னக் கெபாசிட்டர்கள் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய், தாமதமாக வெளியே வரும். எங்கேயும் எண்ணாக மாறாது. 4096 படி உள்ள சிப்பில் 300 மில்லி செகண்ட் தாமதம் வேண்டுமென்றால் கிளாக் சுமார் 6,800 ஹெர்ட்ஸில் ஓட வேண்டும். அந்த வேகத்தில் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி சிக்கலாகிவிடும் என்பதால், அதற்கும் கீழேயே ஃபில்டர் வைத்து வெட்டிவிடுவார்கள். 24 ஃப்ரெட் கிடாரின் உச்ச நோட்டே 1,320 ஹெர்ட்ஸ் பக்கம்தான். ஆகவே நோட்டு தங்கிவிடும், பிக் கம்பியில் படும் அந்த ‘டிக்’ போய்விடும். ஒவ்வொரு ரிபீட்டும் அதே ஃபில்டர் வழியாகத் திரும்பப் போவதால் இன்னும் கொஞ்சம் மங்கும். நீங்கள் அடுத்த நோட்டை அடிக்கும்போது பழைய எக்கோ அதனுடன் மோதாமல் பின்னால் ஒதுங்கி நிற்கும். இந்த டோனுக்காகத்தான் நாம் கூடுதல் காசு கொடுக்கிறோம். எனக்கு இதைவிட அழகான எக்கோ கிடையாது.

பாண்ட் பயிற்சியில்தான் சந்தேகம் வந்தது. குறைந்த டைமில் நன்றாகவே இருந்தது. மெதுவான பாட்டுக்காக டைமை ஏற்றியதும் எக்கோ மங்குவதற்குப் பதில் சொரசொரவென்று உடைந்தது. பிடி2399 சுமார் 340 மில்லி செகண்டைத் தாண்டினால் இரைச்சல் இப்படித்தான் ஏறும். அட்டையில் 600 என்று போட்டிருக்கிறார். 1981இல் வந்த பாஸ் நிறுவனத்தின் உண்மையான அனலாக் டிலே பெடல் டிஎம்-2வே அதிகபட்சம் 300தான். இதில் இன்னொரு குறை, பெடலை ஆஃப் செய்தாலும் கிடாரின் மேல்சத்தம் குறைந்தது. நேராக ஆம்ப்பில் மாட்டினால் தெளிவு திரும்பி வந்தது.

லாங் பஜார் பக்கம் ஆம்ப் சர்வீஸ் செய்யும் ஒரு அண்ணனிடம் கொடுத்தேன். பின்னால் உள்ள நான்கு ஸ்க்ரூவைக் கழற்றியதுமே சிரித்துவிட்டார். சிப்பின் மேல் எழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். பதினாறு கால். மீட்டர் வைத்தார்: முதல் காலில் 5 வோல்ட், இரண்டாவதில் 2.5. “பிடி2399 தாம்பா இது, பேரை அழிச்சா மட்டும் மாறிடுமா?” பிபிடி பெடலில் எம்என்3205, வி3205, எம்என்3208 என்று ஏதாவது ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் பக்கத்திலேயே அதற்குக் கிளாக் கொடுக்கும் எட்டுக்கால் சிப்பும் இருக்கும். இதில் எதுவும் இல்லை.

அந்த பிடி2399 மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை வைத்து நல்ல பெடல் செய்து, என்ன சிப் என்று சொல்லி, நியாயமான விலைக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பேரை அழித்து, அனலாக் விலை வாங்கியது திருட்டு.

விற்றவரிடம் போய்க் கேட்டபோது, “டைரக்ட் சிக்னல் அனலாக்ல தானே போகுது, நான் பொய் சொல்லலையே” என்றார். எக்கோ இல்லாத சத்தம் இந்தச் சிப்புக்குள்ளேயே போவதில்லை, அது உண்மைதான். ஆனால் நான் வாங்கியது எக்கோவுக்காக. அதைச் சொன்னதும், “நீங்க திறந்துட்டீங்க சார், வாரண்டி போச்சு” என்று முடித்துக்கொண்டார். அதுவரை தம்பி, அப்போது சார்.

யாரிடம் வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் பின்தகட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சிப்பின் எண்ணைப் படம் எடுங்கள். எண் தேய்ந்திருந்தாலோ, மேலே பசை ஊற்றி மூடியிருந்தாலோ வாங்க வேண்டாம்.

‘ஃபுல் அனலாக், பிபிடி சிப்’ என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதும், பணம் அனுப்பிய ரசீதும் என்னிடம் இருக்கின்றன. முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்பிவிட்டேன். தரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை. அதே பெடலை வாங்கியவர்கள் மெசேஜையும் ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்யுங்கள்.