அணைவது திரையா, போனா? கடைக்கு முன் ஓர் அலசல்

மட்டக்களப்பு ஆரையம்பதி மாமியின் போனும் என் போனும் ஒரே மாதத்தில் ஒரே சேட்டையைத் தொடங்கின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். "இஞ்ச பாரு மனே, இது கண்ண மூடிட்டு. மறுகா தட்டினா முழிக்குது" என்றார் மாமி. இரண்டையும் ஒரு ரிப்பெயர் கடைக்குக் கொண்டுபோனேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்த தம்பி ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டுக்கும் டிஸ்ப்ளே போயிட்டு அண்ணன், மாத்தணும்." விலையைக் கேட்டதும் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் இரண்டுக்குமே டிஸ்ப்ளே மாற்றத் தேவைப்படவில்லை.

இந்தக் கோளாறு வந்தால் எங்கள் பக்கம் ஆட்கள் போகும் வழிகள் நாலைந்துதான். வீட்டிலேயே நோண்டிப் பார்ப்பது, எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன்போல ஆக்கும் றீசெட் அடிப்பது, ஊர்க் கடை, கம்பனி சேர்விஸ் சென்டர், கோபத்தில் புதுப் போன். எந்த வழி நல்லது என்பதை முடிவுசெய்ய முதலில் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: அணைவது திரை மட்டுமா, போனேவா? கறுத்திருக்கும் நேரத்தில் வேறு போனிலிருந்து ஒரு அழைப்பு எடுங்கள். மணி அடித்தால் போன் உயிரோடு இருக்கிறது, திரைதான் பிரச்சினை. அடிக்காவிட்டால் பற்றரிப் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனையை அந்தத் தம்பி செய்திருந்தால் எனக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

மாமியின் போனில் மணி அடித்தது. எப்போதெல்லாம் கறுக்கிறது என்று கூட இருந்து பார்த்தேன். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பும் வட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்கும்போதும், அழைப்புப் பேசி முடித்து வைக்கும்போதும்தான். குரல் பதிவு ஓடத் தொடங்கும், திரை அணையும், சத்தமும் காதோரச் சின்ன ஸ்பீக்கருக்குப் போய்விடும். அங்கேயே விடை கிடைத்துவிட்டது. போனைக் காதில் வைத்தால் கன்னம் பட்டு எதுவும் அழுந்தாமலிருக்க, திரைக்கு மேலே ஒரு நெருக்க உணரி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது தெறித்து வந்தால் "காது வந்துவிட்டது" என்று திரையை அணைக்கும். மாமியின் டெம்பர் கிளாஸ் மேல் ஓரத்தில் மெல்லக் கிளம்பியிருந்தது. அந்த இடுக்கில் இடியப்ப மாவும் தேங்காயெண்ணெயும் சேர்ந்து மஞ்சளாக ஒரு கோடு. உணரிக்கு அது இருபத்திநாலு மணி நேரமும் மாமியின் காதுதான். கிளாஸைக் கழற்றி, மெல்லிய துணியால் துடைத்ததும் சரி. பல சம்சுங் போன்களில் டயலரில் *#0*# அடித்தால் வரும் சோதனைப் பட்டியலில் இந்த உணரியைத் தனியாகச் சோதிக்கலாம். சில புதிய போன்களில் உணரியே இல்லை, ஒலி அலையை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். அவற்றில் ஸ்பீக்கர் ஓட்டை அடைபட்டாலும் இதே கூத்து நடக்கலாம்.

வீட்டுச் சோதனையில் அடுத்தது கவர். புத்தகம்போல மூடும் கவர்களில் காந்தம் இருக்கும். மூடியதும் திரை அணைவது அதனால்தான். மடலைப் பின்பக்கம் மடித்துப் பிடித்தாலும் சில வேளை அந்தக் காந்தம் போனை ஏமாற்றிவிடும். கவரைக் கழற்றி அரை நாள் பாவித்துப் பாருங்கள். திரை நேர அளவு 15 வினாடியில் நிற்கிறதா என்றும் செட்டிங்ஸில் ஒரு பார்வை. அப்புறம் வெயில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கல்லடிப் பாலத்தில் நின்று வீடியோ எடுத்தால் போன் சூடேறித் திரையை மங்கவிடும். ஐபோனுக்கு அப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்ப எல்லையே 35 பாகைதான். அதைக் கோளாறு என்று யாரும் கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

இரண்டாவது வழியான றீசெட்டை நான் கடைசியில்தான் வைப்பேன். ஆனால் கூட்டாளிமார் முதலில் சொல்லும் மருந்து அதுதான். அதற்கு நேர் போட்டி சேஃப் மோட். பெரும்பாலான அன்ட்ரொயிட் போன்களில் பவர் பட்டனை அமத்தி, திரையில் வரும் 'பவர் ஓஃப்' குறியைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடுக்குப் போகவா என்று கேட்கும். அதில் நாம் இறக்கிய செயலிகள் ஓடாது. சேஃப் மோடில் திரை ஒழுங்காக நின்றால் குற்றவாளி ஏதோ ஒரு செயலி. கடைசியாக இறக்கியதிலிருந்து ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். றீசெட்டும் இதையேதான் கண்டுபிடிக்கும், ஆனால் கல்யாணப் படங்கள் உட்பட எல்லாவற்றையும் விலையாக வாங்கிக்கொள்ளும். செட்டிங்ஸில் இல்லாமல், போனை அணைத்துப் பட்டன்களை அமத்தி வரவழைக்கும் மீட்புத் திரையிலிருந்து றீசெட் அடித்தால் பழைய கூகுள் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்கும். கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கு என்றால் அங்கேயே மாட்டிக்கொண்டோம்.

என் போன் கதை வேறு. அழைத்தபோது மணி அடிக்கவில்லை. பற்றரி 25 வீதம் காட்டும்போது கமெராவைத் திறந்தால் அப்படியே விழுந்துவிடும், சார்ஜரைச் செருகினால் எழும்பும். மூன்று வருடம் உழைத்த பற்றரி. வயதான பற்றரிக்குள் தடை கூடிவிடும். கமெராவும் ஃபிளாஷும் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சட்டென்று இறங்கி, போன் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். இப்படித் திடீரென அணைவதைத் தடுக்கத்தான் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக அப்பிள் 2017 இல் ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் பற்றரியின் ஆரோக்கியத்தைப் பார்க்கும் வசதியையும் கொடுத்தது. இந்த வேலைக்கு ஊர்க் கடைதான் என் தெரிவு. பற்றரி மாற்ற ஒரு மணி நேரம், டிஸ்ப்ளே விலையில் சிறு பங்கு. பற்றரி ஊதித் திரையையே தூக்கி நிற்கிறது என்றால் மட்டும் சோதனை எதுவும் வேண்டாம். அமத்தாமல், சார்ஜ் போடாமல் நேரே கொண்டுபோங்கள்.

உண்மையிலேயே டிஸ்ப்ளேதான் என்றால்? விழுந்த பிறகு தொடங்கியது, ஓரத்தைத் தட்டினால் வந்து போகிறது என்றால் உள்ளே திரையை இணைக்கும் தட்டை வயரான ரிபன் கழன்றிருக்கலாம். அதை மீண்டும் பொருத்தினாலே போதும், முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். பின்னாலிருந்து ஒளி அடிக்கும் எல்சிடி திரையில் இன்னொரு சோதனை: இருட்டில் டோர்ச்சைச் சாய்த்து அடித்தால் படம் மங்கலாகத் தெரிகிறதா? தெரிந்தால் பின்னொளி மட்டும்தான் போயிருக்கிறது. தானே ஒளிரும் ஓலெட் திரைக்குப் பின்னொளியே இல்லை, ஆகவே இது பலிக்காது.

இங்கேதான் ஊர்க் கடைக்கும் சேர்விஸ் சென்டருக்கும் வித்தியாசம் காசில் மட்டும் இல்லை. ஓலெட் போனுக்குக் கடைகளில் குறைந்த விலையில் போடுவது பல வேளை எல்சிடி கொப்பி. பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் திரைக்குள் விரல் வைத்துத் திறக்கும் போன் என்றால் அந்த வசதி போய்விடும், கறுப்பு சாம்பலாகத் தெரியும். தண்ணீர் புகாத ஒட்டும் பழையபடி அமையாது. உத்தரவாதம் இருக்கும் போனை வெளியில் திறந்தால் அந்த உத்தரவாதமும் கேள்விக்குறிதான். ஆகவே உத்தரவாதம் மிச்சம் இருந்தால் எத்தனை நாள் எடுத்தாலும் கம்பனி வழி. முடிந்துவிட்டால் ஊர்க் கடை, ஆனால் "ஒட்டுறதுக்கு முதல் போட்டுக் காட்டுங்க" என்று கேட்க வெட்கப்படக் கூடாது. நல்ல வேலைகாரன் கேட்காமலே காட்டுவான்.

நனைந்த போனைக் காயவைக்க அரிசிப் பானை வேண்டாம். நெல் விளையும் ஊரில் இதைச் சொன்னால் ஒருவரும் கேட்பதில்லை, ஆனால் அரிசித் துகள் கெடுதல் செய்யலாம் என்று அப்பிளே 2024 இல் சொல்லியிருக்கிறது.

புதுப் போன் வழியை நான் அதிகம் எடைபோடவில்லை. பழைய போன் வாங்குபவர்கள் மட்டும் *#06# அடித்து போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயை எடுத்து, அது இலங்கையில் பதிவானதா என்று 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

போன கிழமை மாமி காத்தான்குடியில் புதுக் கவர் ஒன்று வாங்கியிருக்கிறார், புத்தகம்போல மூடுவது. இன்று காலை திரும்பவும் அழைப்பு: "மனே, இது மறுகாவும் கண்ண மூடுது."