கருணை அடிப்படையில் ஒரு நடை: லிஸ்பனில் மூன்றரை மணி நேரம்

லிஸ்பனுக்கு மகன் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. கோட்டை, டவர், மீன் டப்பா விற்கும் பகட்டுக் கடை எல்லாம் பார்த்தாயிற்று. "அத்தை, இது உங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்கு" என்று மருமகள் போனில் காட்டியதுதான் இந்த நடைச்சுற்றுலா. போர்ச்சுகலை ஆண்டவர்கள் யார், ஏழைபாழைக்கு என்ன செய்தார்கள், அதற்கு என்ன விலை கேட்டார்கள் என்பதுதான் பொருள். ஆளுக்கு 25 யூரோ. மதுரையில் பி.எஃப். ஆபீசில் 31 வருடம் கோப்பு நகர்த்தியவள் நான். இதற்குப் போகாமல் வேறு எதற்குப் போவேன்?

நடத்துகிறவர்கள் பெயரை எழுதப்போவதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிறு அளவில் செய்கிறார்கள், எனக்குச் சொல்லக் குறையும் இருக்கிறது. வழியைச் சொல்லிவிடுகிறேன். யாருடன் போனாலும் உதவும், தனியாகவும் நடக்கலாம்.

காலை பத்து மணிக்கு ஆற்றங்கரையில் தெரேய்ரோ தோ பாசோ சதுக்கத்தில் தொடக்கம். மஞ்சள் வளைவுகளுக்கு மேல் இன்னமும் சில அமைச்சகங்கள் இருக்கின்றன. வழிகாட்டி எழுபதை நெருங்கும் பெண்மணி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஆங்கிலம் நிதானமாக, தெளிவாகப் பேசினார். ஆனால் முதல் குறையும் இங்கேதான். இந்தச் சதுக்கத்தில்தான் 1908இல் அரசரையும் பட்டத்து இளவரசரையும் சுட்டார்கள். 1910இல் குடியரசு வந்தது. பதினாறு வருடத்தில் 45 அரசுகள், 1926இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இத்தனையையும் பத்தே நிமிடத்தில் ஓட்டிவிட்டார். நடுவில், 1919இலேயே நோய், விபத்து, முதுமைக்கெல்லாம் கட்டாயக் காப்பீடு என்று சட்டம் போட்டார்கள், பெரும்பாலும் நடைமுறைக்கே வரவில்லை என்று ஒரு வரி. எனக்கு அங்கேயே நிற்கவேண்டும் போல இருந்தது. எங்கள் பி.எஃப். சட்டமே 1952தான்! ஏன் வரவில்லை என்று கேட்டேன். "பணமும் இல்லை, ஆறு மாதம் நிற்கிற அரசும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே மேடு ஏற ஆரம்பித்துவிட்டார்.

மேடு என்றால் மேடு. வழவழவென்ற வெள்ளைக்கல் பாவிய நடைபாதை. நல்ல செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து பேராலயத்தை ஒட்டியே இருக்கும் அல்ஜூபே. ஒரு காலத்தில் தேவாலயச் சிறை, அப்புறம் பெண்கள் சிறை, 1928 முதல் 1965 வரை, ராணுவமும் அதன்பின் சலசாரும் நடத்திய சர்வாதிகாரத்தில், அரசியல் கைதிகளுக்கான சிறை. 2015 ஏப்ரல் 25 முதல் அருங்காட்சியகம். நுழைவுச்சீட்டு தனியாக வாங்கவேண்டும், கொடுக்கிற காசுக்கு நூறு மடங்கு தகும். தனிமைக் கொட்டடி எப்படி இருந்தது என்று கட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம். கைதிகள் அதற்கு வைத்த பேர் 'குர்ரோ'. காளைச் சண்டைக்கு விடுமுன் மாட்டை அடைத்துவைக்கும் இடமாம். வாடிவாசலுக்குப் பின்னால் மாடு திமிறிக்கொண்டு நிற்குமே, அந்த இடம் என்று மருமகளுக்குச் சொன்னேன். அவள் சென்னைப் பெண், இருந்தாலும் புரிந்தது. பின்னாளில் பிரதமரும் ஜனாதிபதியுமான மாரியோ சுவாரெஸ் இந்தச் சிறையில் இருந்தவர்.

உள்ளே இருந்தது ஒரு மணி நேரம். ஆனால் எனக்கு அன்றைய நாளின் முக்கியமான விஷயம் கிடைத்தது வெளியே, ஒரு காப்பிக்கடை மேசையில். வழிகாட்டி தன் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட இரண்டு நகல்களை எடுத்தார். இரண்டும் அவருடைய அம்மாவினுடையவை. அவரும் ஆரம்பப்பள்ளி ஆசிரியை.

முதல் தாள், வேலையில் சேரும்போது கொடுத்த உறுதிமொழி. 1936இல் வந்த ஆணைப்படி, அரசு வேலைக்கு வருகிற எவரும் 1933 அரசியல் சட்டம் வகுத்த ஒழுங்கை ஏற்கிறேன், கம்யூனிசத்தையும் கலகக் கருத்துகளையும் நிராகரிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாகவேண்டும். அந்த அரசியல் சட்டம் எப்படி நிறைவேறியது தெரியுமா? வாக்கெடுப்புக்கு வராதவர்கள் எல்லாம் 'சரி' என்று சொன்னதாகக் கணக்கு!

இரண்டாவது தாள், கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கேட்டு அமைச்சகத்துக்கு எழுதிய மனு. ஆமாம், கல்யாணத்துக்கு. அதே 1936இல் போட்ட இன்னொரு ஆணை. ஆசிரியை திருமணம் செய்வதென்றால் மாப்பிள்ளையின் நடத்தை நல்லதென்று காட்டவேண்டும், அவர் வருமானம் அவளுடைய சம்பளத்துக்குப் பொருந்துவதாக இருக்கவேண்டும். மற்றவர்கள் மனுவைப் படித்து ஆச்சரியப்பட்டார்கள். எனக்குப் பழக்கதோஷம், கண் நேரே ஓரத்துக்குத்தான் போனது. அங்கே மூன்று சுருக்கொப்பம், ஒன்றின்மேல் ஒன்றாக, கடைசியில் ஒரு முத்திரை. அந்த மூன்று பேரும் என்னைப் போன்றவர்கள். கோப்பு கீழிருந்து மேலே போயிருக்கிறது, யாரோ ஒருவர் மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்திருக்கிறார். சிறைக்கூடத்தைவிட அந்தத் தாள்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அனுமதி கிடைத்ததா என்று கேட்டேன். "கிடைக்காமலா நான் இங்கே நிற்கிறேன்?" என்று சிரித்தார்.

அங்கிருந்து 28ஆம் எண் டிராம். புளிமூட்டை. வழிகாட்டி பேசுவதைக் கேட்க அவர்கள் கொடுத்திருந்த காதுக்கருவியின் பேட்டரி நடுவழியில் போய்விட்டது. மாற்று இல்லை என்றார்கள். 25 யூரோ வாங்குகிறவர்கள் இரண்டு உதிரி வைத்திருக்கக்கூடாதா? மிச்ச நேரம் முழுக்க அந்த அம்மாவின் தோளை ஒட்டிக்கொண்டே நடந்தேன். அதுவும் நல்லதற்குத்தான், முணுமுணுத்ததெல்லாம் காதில் விழுந்தது.

சியாதோவில் இறங்கி அந்தோனியோ மரியா கர்தோசோ தெரு. ரகசியப் போலீசான 'பிதே'யின் தலைமையகம் இருந்த இடம், இப்போது விலையுயர்ந்த அடுக்குமாடி. ராணுவப் புரட்சியில் சர்வாதிகாரம் விழுந்த 1974 ஏப்ரல் 25 அன்று இங்கிருந்து கூட்டத்தின்மேல் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கார்மோ சதுக்கத்தை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அன்றைய பிரதமர் கயெத்தானு ஒளிந்திருந்த படைமுகாம் அங்கேதான். எங்கும் படிக்கலாம், விடுங்கள்.

உண்மையில் நிற்கவேண்டிய இடம் அதற்கு அடுத்தது, திரிந்தாதே கோயெல்யு சதுக்கம். நடுவில் ஒரு வெண்கல மனிதர் கையில் லாட்டரிச் சீட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறார். என்னடா இது என்று பார்த்தால், எதிரே மிசெரிகோர்தியாவின் தலைமையிடம். 'புனித கருணை இல்லம்' என்று சொல்லலாம். 1498இல் அரசி லியோனோர் தொடங்கியது. நோயாளி, கைதி, அநாதைக் குழந்தை, அடக்கம் செய்ய ஆளில்லாத பிணம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. 1783இல் லாட்டரி நடத்த அரச அனுமதி கிடைத்தது. இன்றைக்கும் நாட்டின் லாட்டரியும் விளையாட்டுப் பந்தயச் சீட்டும் இவர்கள் கையில்தான், அந்தப் பணம்தான் முதியோர் இல்லத்துக்கும் மருத்துவத்துக்கும் போகிறது. நம்மூரில் 2003இல் லாட்டரியை ஒழித்தார்கள். எங்கள் தெருவில் அதனால் பிழைத்த வீடும் உண்டு, அதற்கு முன்பே அழிந்த வீடும் உண்டு. இங்கே அது தர்ம காரியம். எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை, ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

வழிகாட்டி இங்கே சொன்ன ஒரு விவரம் நன்றாக இருந்தது. பழைய விதிப்படி உறுப்பினர்களில் பாதிப் பேர் பிரபுக்கள், பாதிப் பேர் கைத்தொழில்காரர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைவர் எப்போதும் பிரபுதான். ஊர்க்கோயில் டிரஸ்டி போர்டு போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். கப்பல் போன இடமெல்லாம் இந்த அமைப்பையும் கொண்டுபோனார்கள், நாகப்பட்டினத்திலும் மயிலாப்பூரிலும்கூட இருந்தது என்றேன். அவருக்கு கோவா மட்டும்தான் தெரிந்திருந்தது, குறித்துக்கொண்டார்.

கடைசி நிறுத்தம் சாவ் பெந்து, நாடாளுமன்றம். முன்பு மடாலயம். படிக்கட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. சலசார் கோயிம்பிரா பல்கலைக்கழகப் பேராசிரியர், 1928இல் நிதியமைச்சர், 1932 முதல் பிரதமர். அவருக்குப் பிறகு 1968இல் வந்த கயெத்தானு லிஸ்பன் சட்டப் பேராசிரியர். வாத்தியார் ஆட்சிதான். கிராமத்துக்கு 'மக்கள் இல்லம்' என்று ஒன்று வைத்தார்கள். நிலக்காரரும் கூலிக்காரரும் ஒரே கூரைக்குக் கீழ், சண்டை கிடையாது, வேலைநிறுத்தமும் கிடையாது. ஆனால் அந்தக் கூலிக்காரருக்கு முறையான ஓய்வூதியத் திட்டத்தை நெருங்கவே 1969 ஆனது. எங்கள் ஆபீசில் 'கருணை அடிப்படை' என்று ஒரு கோப்பு வகை உண்டு. வேலையில் இருக்கும்போது இறந்தவர் வாரிசுக்கு வேலை கொடுப்பது. அதற்காக வந்து நிற்பவர்களின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. கேட்கும் குரலே வேறாக இருக்கும். இந்த நாடு முழுக்க நெடுங்காலம் அந்தக் குரலில்தான் கேட்டிருக்கிறது. 1976 அரசியல் சட்டம் சுகாதாரத்தை உரிமை என்று எழுதியது, 1979இல் அந்தோனியோ அர்னாவுத் கொண்டுவந்த சட்டத்தில் தேசிய சுகாதாரச் சேவை பிறந்தது. "இப்போது வரிசையில் நின்று சத்தம் போடுகிறோம்" என்றார் வழிகாட்டி, பெருமையாக.

பெண்கள் ஓட்டைப் பற்றியும் இங்கேதான் சொன்னார். 1911இல் கரோலினா பியாத்ரிஸ் ஆஞ்செலு என்ற டாக்டர், விதவை, 'குடும்பத் தலைவர்' ஓட்டுப் போடலாம் என்றால் நானும் தலைவர்தானே என்று நீதிமன்றம் போய் ஜெயித்து ஓட்டுப் போட்டார். 1913இல் சட்டத்தில் 'ஆண்' என்று சேர்த்துவிட்டார்கள். ஓட்டையை அடைப்பதில் அரசாங்கத்துக்கு என்ன வேகம்!

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். பேட்டரிக்கும் குடியரசுக்கும் சேர்த்து ஒன்று குறைத்தேன். கழிப்பறை வசதி அல்ஜூபேயிலும் காப்பிக்கடையிலும்தான், அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மழை நாளில் போகவேண்டாம். அடுத்த மாதம் சம்பந்தியம்மா வருகிறார், அவரையும் அனுப்பப்போகிறேன், முழங்கால் பட்டையும் உதிரி பேட்டரியும் கொடுத்து.