லொத்தர் விழுந்தது, மகளின் பெயர் இல்லை: அமெரிக்க விசாவுக்கு முகவரை நம்பியவர்களுக்கு

எங்களுக்கு அமெரிக்க விசா லொத்தர் விழுந்தது, அதாவது அங்கே நிரந்தரமாகக் குடியேற விசா கேட்கும் வாய்ப்பு குலுக்கலில் கிடைத்தது. கொழும்பில் நேர்காணல் வரை போனோம். விசா மறுக்கப்பட்டது. 2022 இல் எங்களுக்காக விண்ணப்பம் நிரப்பிய முகவர் எங்கள் மகளை அதில் சேர்க்கவே இல்லை. அது தெரிந்த பிறகும் பத்து மாதம் எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டிருந்தார். பொலிஸில் முறைப்பாடு இருப்பதால் அவருடைய பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை. நடந்தது இதுதான்.

2022 இல் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இந்த லொத்தர் இருக்கவில்லை, இலங்கையில் பிறந்தவர்களுக்கு இருந்தது. 2022 ஒக்டோபரில் வவுனியாக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன்னால் ஆட்கள் இரவிலேயே போய் வரிசையில் நின்ற காலம் நினைவிருக்கும். வெளியே போக ஒரு வழி கிடைக்காதா என்று தேடாத வீடு எங்கள் ஒழுங்கையில் இருக்கவில்லை. நானும் மனைவியும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கடைக்குப் போனோம். ஒருவருக்கு 3,000 ரூபா என்றார்கள். அந்த ஆண்டு இணையத்தில் விண்ணப்பிக்க ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தோம். குடும்பத்தில் ஒவ்வொருவருடைய படமும் வேண்டும் என்று கணினிக்கு முன்னால் இருந்த பையன் கேட்டான். "பிள்ளையின் படம் இல்லாவிட்டால் பரவாயில்லை, நாளைக்கு அனுப்புங்கள், பிறகு சேர்த்துவிடலாம்" என்றான். மறுநாள் காலையிலேயே அனுப்பினேன். "சேர்த்தாயிற்று" என்று பதில் வந்தது.

இந்த லொத்தரில் அனுப்பிய விண்ணப்பத்தைத் திறந்து திருத்த முடியாது. இரண்டாவதாக இன்னொன்று போட்டால் இரண்டும் தள்ளுபடியாகும். மணமாகாத, 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் விண்ணப்பத்தில் காட்ட வேண்டும், கூடவே வராத பிள்ளையையும். ஒருவர் விடுபட்டாலும் நேர்காணலில் முழுக் குடும்பத்துக்கும் விசா மறுக்கப்படும். ஆகவே "பிறகு சேர்க்கலாம்" என்ற அந்த ஒரு சொல்லிலேயே எங்கள் விடயம் முடிந்துவிட்டது. அதை நாங்கள் அறியாமல் இருந்தோம்.

2023 மே மாதம் கடைக்காரரான அந்த முகவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "தம்பி, உங்களுக்கு விழுந்திருக்கிறது, உடனே வாருங்கள்." போனோம். திரையில் என் பெயரோடு கடிதம் தெரிந்தது. அதன் கீழ்ப்பகுதியைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டிருந்தார். அந்தக் கை இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது, விரல்களில் மூன்று மோதிரம். "கோவை திறக்க ஒன்றரை இலட்சம். கட்டினால் இலக்கம் தருவேன்" என்றார்.

விண்ணப்பித்த கணத்திலேயே திரையில் உறுதிப்படுத்தல் இலக்கம் ஒன்று வரும். தெரிவானோமா, நேர்காணல் எப்போது என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் பார்க்க முடியும். அது தொலைந்தால் பெயர், பிறந்த திகதி, கொடுத்த மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைக் கொண்டு அதே தளத்தில் மீட்கலாம். அவர் போட்டிருந்தது தன்னுடைய மின்னஞ்சல் முகவரி. அதனால் அந்தக் கதவும் அவர் கையில். ஒன்றரை இலட்சத்தைக் கட்டினோம்.

பிறகு சனிக்கிழமைகளில் கடையின் மேல்மாடியில் "நேர்காணல் வகுப்பு". அதற்குத் தனியாக 40,000. ஆறு குடும்பங்கள் ஒன்றாக இருந்து எழுபது கேள்விக்கு ஆங்கிலத்தில் விடை மனப்பாடம் செய்தோம். முகவர் உதவினார் என்று ஒருபோதும் சொல்லக்கூடாது என்பது அங்கே முதற்பாடம். மனைவி சமையல் செய்யும்போதுகூட அந்த விடைகளை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். நேர்காணலில் அந்த எழுபதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

2024 மார்ச்சில் நேர்காணல் என்று திகதி வந்தது. தூதரகக் கட்டணம் தானே கட்டிவிடுவதாகச் சொல்லி நான்கு இலட்சம் வாங்கினார். பற்றுச்சீட்டு கேட்டால், "அது ஒன்லைனில் போகும், தாள் வராது" என்றார். மனைவிக்கு அங்கேதான் சந்தேகம் வந்தது. தங்கையின் மகனை வைத்து அழைப்புக் கடிதத்திலிருந்த அறிவுறுத்தல்களை வரிவரியாகப் படித்தாள். கட்டணம் ஒருவருக்கு 330 டொலர், நேர்காணலன்று தூதரகத்தின் காசாளரிடம் நேரில் கட்ட வேண்டும், முன்கூட்டியே யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று பேருக்கு 990 டொலர், ஏறக்குறைய மூன்று இலட்சம் ரூபா.

அன்றே போய், எங்களுக்காக அனுப்பிய டீஎஸ்-260 படிவத்தின், அதாவது தெரிவானவர்கள் இணையத்தில் நிரப்பும் விசா விண்ணப்பத்தின், பிரதியைக் காட்டினால்தான் ஆயிற்று என்று நின்றோம். இரண்டு மணி நேரம் கழித்துத் தந்தார். பிள்ளைகள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்றிருந்தது. மனைவி அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். படிவம் நிரப்ப யாராவது உதவினார்களா என்ற கேள்விக்கும் "இல்லை".

அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "முதல் விண்ணப்பத்தில் பிள்ளை இருக்கிறாள், இதில் மட்டும் தவறிவிட்டது. வேண்டுமென்றால் அவளைப் பற்றிப் பேசாமல் நீங்கள் இருவரும் போங்கள். பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம்." பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லச் சொன்னார்.

இதைக் கேட்டு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். விசாவுக்காக முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே மறைத்தால், அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின்படி வாழ்நாள் முழுவதும் உள்ளே போக முடியாதபடி தடை விழும். இலக்கம் எங்களிடம் இருந்ததால் அமெரிக்காவின் கென்டக்கியில் இந்த லொத்தர் விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரச நிலையத்துக்கு நாங்களே மின்னஞ்சல் எழுதி, படிவத்தைத் திறந்து தரச் சொல்லி, மகளைச் சேர்த்தோம். உதவியவர் இருந்தார் என்றும் திருத்தினோம்.

அசல் பிறப்புச் சான்றிதழ்களும் கடவுச்சீட்டுகளும் அவருடைய அலுமாரியில் இருந்தன. மீதிக் கணக்கு 75,000 என்றார். மனைவியின் காப்பு அடகுக்குப் போனது. தூதரகக் கட்டணத்துக்கும் அதே காசுதான்.

முதல்நாள் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கினோம். காலையில் காலி வீதியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அவளுக்குப் புதுச் சப்பாத்து. உள்ளே காசாளரிடம் 990 டொலரைக் கட்டினோம். அது திரும்பி வராது. சத்தியம் செய்து, விரல் அடையாளம் கொடுத்த பின் அதிகாரி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பிள்ளைகள்?" ஒன்று என்றேன். "2022 இல் அனுப்பிய விண்ணப்பத்தில் பிள்ளை இல்லையே. இவள் எப்போது பிறந்தாள்?" 2019 என்றேன். அவர் கண்ணாடிக்கு அப்பால் நின்ற மகளைப் பார்த்தார். பிறகு மறுப்புத் தாளைத் தள்ளினார். விதி அப்படி, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த முறை சரியாக விண்ணப்பிக்கலாம் என்று மரியாதையாகவே சொன்னார். அந்த மனிதர் மீது எனக்குக் கோபம் இல்லை.

அந்த முகவர் எங்கள் படிவத்தைத் திறந்த அன்றே மகள் இல்லை என்பதைப் பார்த்திருப்பார். அப்போதே சொல்லியிருந்தால் முதலில் கட்டிய விண்ணப்பக் காசோடு போயிருக்கும். காப்பு கையில் இருந்திருக்கும். மருத்துவப் பரிசோதனையில் மகளுக்குத் தடுப்பூசி குத்தி அழவைத்திருக்க மாட்டோம்.

முறைப்பாடு கொடுத்த பின் இரண்டு இலட்சம் திருப்பித் தந்தார். மீதிக்கு விசாரணை நடக்கிறது. அந்த வகுப்பில் எங்களோடு இருந்த ஆறு குடும்பங்களில் இரண்டைக் கண்டுபிடித்துவிட்டோம். மற்றவர்கள் இதைப் படித்தால் உங்கள் டீஎஸ்-260 பிரதியை உடனே கேட்டு வாங்கிப் பாருங்கள். இனித் தெரிவாகிறவர்கள் நேர்காணலுக்கு முன்பே அதைப் பார்த்தால் படிவத்தைத் திருத்தக் கேட்கலாம், ஆனால் முதல் விண்ணப்பத்தில் விடுபட்ட பிள்ளையை அது காப்பாற்றாது. முகவர் மூலம் விண்ணப்பித்த எவரானாலும் உறுதிப்படுத்தல் இலக்கத்தையும் எந்த மின்னஞ்சல் கொடுக்கப்பட்டது என்பதையும் இன்றே கேளுங்கள். தர மறுத்தால், தெரிவு முடிவு வெளியாகும் வரை காத்திருக்காதீர்கள்.

2024 ஒக்டோபரில் நானே வீட்டிலிருந்து விண்ணப்பித்தேன். வெள்ளைப் போர்வையைச் சுவரில் கட்டி மகளைப் படம் எடுத்தாள் மனைவி. கண் சிமிட்டியதால் நான்கு தடவை எடுக்க வேண்டியிருந்தது. அனுப்புவதற்கு முன் மூவருடைய பெயரையும் மனைவி சத்தமாக வாசித்தாள், மகளுடையதை இரண்டு முறை.